வெம்பிளி விலாசம்

என்னுடைய வீட்டுக்குச் சில்லு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடிப்பக்கத்தைச் சுற்றிவரப் பிளாஸ்டிக் பலகை அடித்து மறைத்திருக்கிறது. ஒரு பலகையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால் காற்றுப்போன டயர்களும் துருப்பிடித்த இரும்புச் சட்டமும் தெரியும். பாரம் முழுவதும் கொங்கிறீட் கற்களின் மேல்தான் நிற்கிறது. அந்தச் சில்லுகள் கடைசியாக எப்போது உருண்டன என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் வாங்கும்போதே அது பழைய வீடு.

லண்டனில் வீடு வாங்கிவிட்டேன் என்று வெம்பிளியில் ஒரு கடையில் சொன்னபோது, எங்கே, எத்தனை அறை என்று விசாரித்தார்கள். மொபைல் ஹோம் என்றேன். "காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போற கரவனோ?" என்று ஒருவர் கேட்டார். "அப்ப அடுத்த கிழமை எந்த ஊரில நிப்பாய்?" கடைக்குள் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவரை நான் இருந்த இருப்பைப் பார்த்தால் அந்தக் கேள்வியில் பிழை இல்லை.

ஒன்பதாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. சண்டை வந்தது. இடம்பெயர்ந்த சனங்கள் வந்து வகுப்பறைகளில் தங்கினார்கள். பிறகு நாங்களே இடம்பெயர்ந்தோம். கொழும்பில் லொட்ஜ், பாரிஸில் பலரோடு ஒரே அறை, பிறகு லொறியில் லண்டன். இங்கே பெற்றோல் ஸ்டேஷன், கோழிக்கடை, கார் கழுவும் இடம் என்று மாறி மாறி நின்றேன். ஒரு வேலை கைக்குப் பழகி முடிந்ததும் மனம் அடுத்த இடத்துக்குப் போய்விடும். கலியாணப் பேச்சும் வந்தது. மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்ற கேள்வியோடு அது நின்றுவிட்டது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

கடைசியாகப் பிடித்த வேலை கடைகளுக்குச் சாமான் அடுக்கும் ராக்கை அடிப்பது. எங்கள் ஆட்கள் புதிதாகக் கடை எடுத்தால் உள்ளே ராக்கை, கவுண்டர், ஃப்ரீஸர் எல்லாம் பொருத்திக் கொடுக்க வேண்டும். லெஸ்டர், பர்மிங்ஹாம், சில நேரம் கிளாஸ்கோ வரைக்கும் என் வான் வண்டியில் போவேன். வேலை முடியும்வரை அந்தக் கடையின் மேல்மாடியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் திரும்புவேன். திரும்பும் இடம் என்று ஒன்று வேண்டும் என்ற எண்ணம் ஐம்பது தாண்டிய பிறகுதான் வந்தது. அந்த வயதில் வந்ததும் ஒருவகையில் நல்லது. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களை என் மொபைல் ஹோம் நிற்கும் பார்க்கில் எடுக்க மாட்டார்கள்.

மோர்டனிலிருந்து பஸ் எடுத்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பூக்கன்று விற்கும் இடத்தையும் குதிரை கட்டியிருக்கும் வெளியையும் தாண்டி நடந்தால் பார்க் வரும். இரண்டு வரிசையாக வீடுகள். வீடு எங்களுடையது, அது நிற்கும் நிலம் பார்க் முதலாளியுடையது. மாதம் மாதம் நிலத்துக்கு வாடகை கட்ட வேண்டும். காஸ் சிலிண்டர் அவரிடம்தான் வாங்க வேண்டும். வீட்டை விற்றால் விலையில் அவருக்கும் ஒரு பங்கு. என்னுடையது என்று சொல்லலாம், ஆனால் ஒரு ஆணி நிலத்தில் அடிப்பதென்றாலும் அவரைக் கேட்க வேண்டும். வங்கி இப்படியான வீட்டுக்குக் கடன் தராது. கையில் இருப்பதைக் கொடுத்துத்தான் வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு கையில் எதுவும் இருக்கவில்லை.

சுவர் மெல்லிசு. மழை பெய்தால் வானொலி கேட்காது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்தால் கோப்பைகள் அலுமாரிக்குள் கிலுங்கும். மார்கழி தையில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். அடுப்பில் சோறு பாதி வெந்திருக்கும்போது காஸ் முடியும். இதெல்லாம் பழகக் கூடியவை. பழகக் கஷ்டமாக இருந்தது அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாததுதான். எல்லாரும் நம்பர். "பன்னிரண்டு ஆஸ்பத்திரியில்" என்பார்கள். "நாலு மகளோடு போய்விட்டார்" என்பார்கள். நான் ஏழு. என் பெயரை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவர்களால் சொல்ல முடியாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

என் பெயர் இருந்த இடம் வெம்பிளி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லண்டனுக்கு வந்த காலத்தில் எங்களில் பலருக்கு நிலையான விலாசம் இல்லை. அறை மாறும், வேலை மாறும். ஆனால் உள்துறையிலிருந்து வரும் கடிதம் தவறினால் ஆளே நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் நம்பிக்கையான ஒரு குடும்பத்தின் விலாசத்தைக் கொடுத்துவிடுவோம். எனக்கு அப்படிக் கிடைத்தவர் வெம்பிளியில் இருந்த ஒரு அண்ணை. சொந்தம் இல்லை, ஊரும் வேறு. அவர் வீட்டுச் சின்ன அறையில் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்தேன். அறையை விட்டுப் போனேன். விலாசத்தை விடவில்லை. என்னைப் போல வேறு பெடியன்களும் அந்த விலாசத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கலியாணம் கட்டி, வீடு வாங்கி, விலாசத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் மட்டும் மிஞ்சினேன்.

வங்கி, டொக்டர், லைசென்ஸ், வோட்டு, எல்லாம் அங்கேதான். அண்ணையின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கடிதங்களை ஒரு பிஸ்கட் பேணிக்குள் போட்டு வைப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் போவேன். பேணியைத் திறந்து எடுப்பேன். அக்கா சாப்பாடு போடுவார். அண்ணை அரசியல் கதைப்பார். மொபைல் ஹோம் வாங்கிய பிறகும் அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாளில்கூட, கடிதம் அனுப்ப வேண்டிய விலாசம் என்ற இடத்தில் வெம்பிளியைத்தான் எழுதிக் கொடுத்தேன். கை தானாக எழுதியது.

பழைய முதலாளி பார்க்கிலேயே குடியிருந்த கிழவர். அவர் விற்றுவிட்டுப் போனதும் புதியவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சேறு படாத சப்பாத்து. மரியாதையானவர், குரல் உயர்த்த மாட்டார். பழைய வீடுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அகலமான புது வீடுகளை வைத்து விற்பதுதான் அவருடைய தொழில். பழையதில் இருந்து வாடகை மட்டுந்தான் வரும், புதியதை விற்றால் பெரிய காசு. இரண்டு வீடுகள் ஏற்கெனவே போயிருந்தன. அந்த இடங்களில் சிவப்புக் கல் பதித்த படிகளோடு புதியவை வந்திருந்தன.

ஒருநாள் கிளாஸ்கோவிலிருந்து வந்து வானிலிருந்து ராக்கைக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து வணக்கம் சொல்லிவிட்டு, இங்கே வசிக்கிறீர்களா என்று கேட்டார். இது என்னுடைய வீடு என்றேன்.

"உங்களுடையது என்று தெரியும். இங்கே வசிக்கிறீர்களா என்றுதான் கேட்கிறேன்."

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒப்பந்தப்படி இந்த வீடுதான் எனக்கு ஒரே வீடாக, இல்லாவிட்டால் முக்கியமான வீடாக இருக்க வேண்டும். வேறு இடத்தில் வாழ்ந்துகொண்டு இதைச் சும்மா வைத்திருந்தால், கோர்ட்டுக்குப் போய் என்னை எழுப்பலாம். அப்படி எழுப்பினால் வீட்டை நான் கொண்டுபோக வேண்டும். காற்றுப்போன சில்லோடு, அழுகிய அடித்தளத்தோடு, அதை எங்கே கொண்டுபோவது? தூக்கினாலே உடைந்துவிடும்.

அடுத்த கிழமை அக்கா போன் எடுத்தார். பார்க் முதலாளியின் லோயரிடமிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்றார். நான் பார்க்கில் வசிக்கவில்லை என்று சொல்லும் கடிதம் நேராக வெம்பிளிக்கே போயிருந்தது. நான் கொடுத்த விலாசந்தானே.

அதை எடுத்துக்கொண்டு ஒரு ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தது எங்கள் ஆட்களின் பிள்ளை ஒன்று. இங்கே பிறந்தது, தமிழ் தட்டித்தடவித்தான் வரும். கடிதத்தை வாசித்தாள். என் லைசென்ஸைக் கேட்டாள், வங்கித் தாளைக் கேட்டாள். பார்த்துவிட்டு, "அங்கிள், பேப்பரில நீங்க வெம்பிளியிலதான் இருக்கிறீங்க" என்றாள்.

அங்கே நான் படுத்து எழும்பிப் பல வருடம் ஆகிறது என்றேன். அது பேப்பரில் இல்லை என்றாள். பார்க்கில் இருப்பதற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது என்று கேட்டாள். உடுப்பு இருக்கிறது, சோத்துப்பானை இருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று வேலை சொன்னாள். எல்லா விலாசத்தையும் மாற்ற வேண்டும். நான் அங்கே வசிப்பதில்லை என்று வெம்பிளி வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நான் இங்கேதான் வசிக்கிறேன் என்று பார்க்கில் ஒருவர் சொல்ல வேண்டும். முதலாவது அலைச்சல். இரண்டாவது சுலபம் என்று நினைத்தேன். மூன்றாவதுக்கு எனக்கு ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெம்பிளிக்குப் போனேன். சாப்பிட்டு முடியும்வரை சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னேன். அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நீ இஞ்ச இல்லை எண்டு நான் எழுதித் தரோணும்?"

"ஓம் அண்ணை."

"இருக்கிறான் எண்டு எழுதச் சொல்லு, எழுதுறன். உனக்கு எத்தினை தரம் எழுதித் தந்தனான். இல்லையெண்டு எப்பிடி எழுதுறது?"

அது வெறும் அத்தாட்சி என்றேன். பிள்ளை சொன்னதை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு, "நாளைக்கு ஒருத்தன் பாத்தா என்ன சொல்லுவான்? இவ்வளவு காலம் வைச்சிருந்திட்டு வயசு போன நேரத்தில வெளியில விட்டிட்டாங்கள் எண்டு சொல்லுவான். என்ர கையாலேயே எழுதச் சொல்லுறாய்" என்றார்.

அக்கா குசினியில் கழுவிய பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார். "எழுதிக் குடுங்கோவன். அந்த வீடும் போனா எங்க போறது?"

"இஞ்ச வரட்டும்" என்றார் அண்ணை.

நான் ஒரு குளிர்காலம் இருந்த சின்ன அறையில் இப்போது பேரப்பிள்ளையின் தொட்டில் இருந்தது. மகனும் மருமகளும் அடுத்த அறையில். முன் அறையில் அண்ணையும் அக்காவும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் நான் வந்தால் எங்கே படுப்பேன் என்று யோசித்துச் சொன்னதும் இல்லை.

"எனக்கு அங்க பழகிட்டுது அண்ணை" என்றேன்.

அவர் எழும்பிப் போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார். மருமகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத் தன் கையாலேயே பிரதி பண்ணினார். மெதுவாக எழுதினார். கையெழுத்துப் போட்டபின் அதை மடிக்காமல் மேசையில் என் பக்கம் தள்ளிவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். கீழே இறங்கி வானுக்குப் போகும்போது அக்கா மட்டும் வாசல்வரை வந்தார். பேணியை என்ன செய்வது என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

மூன்றாவது வேலைக்கு ஒன்பதாம் நம்பரிடம் போனேன். எனக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கிழவி. பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், புருஷன் இல்லை, மகன் வேறு ஊரில், ஒரு கட்டை நாய் இருக்கிறது. இவ்வளவு காலத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு குப்பை வண்டி எந்த நாள் வரும் என்பது மட்டுந்தான். பார்க்கில் ஒரு கதவையும் நான் அதுவரை தட்டியதில்லை. தட்டிவிட்டு, திறக்க முன்னம் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

திறந்து, "ஏழு" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. இன்னார் என்று அடையாளம் சொல்வது போலச் சொன்னார். நான் விஷயத்தை என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார். புதிய முதலாளியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவருடைய வீடும் பழையதுதான்.

நாய் வந்து என் சப்பாத்தை மணந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அவர் அதைக் காட்டி, முதலில் நீ வரும்போதெல்லாம் குரைத்தது, இப்போது உன்னைப் பார்த்துக் குரைப்பதில்லை, அந்த முதலாளி வந்தால் இன்றைக்கும் குரைக்கும் என்றார். அதை எழுதித் தருகிறேன் என்றார். பகிடி என்று நினைத்தேன். அவர் பேனை எடுக்க உள்ளே போனார்.

எழுதிக்கொண்டே தலை நிமிராமல் ஒன்று கேட்டார். "வேலையிலிருந்து வந்தால் ஏன் உடனே இறங்குவதில்லை? லைட்டை அணைத்துவிட்டு வானுக்குள்ளேயே இருக்கிறாயே."

அப்படி இருப்பது எனக்கே தெரியாது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். என்ஜினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பேன். உள்ளே போனால் ஹீட்டர் போட வேண்டும், அது சூடாக நேரம் எடுக்கும், வானுக்குள் சூடு மிச்சம் இருக்கும். அப்படித்தான் அவருக்குச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதினார். இத்தனை காலமும் நான் வருவதையும் இறங்காமல் இருப்பதையும் ஒரு ஆள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வேறு என்னவோவாகவும் இருந்தது.

அவர் எழுதியது சின்னத் துண்டு. ஏழாம் நம்பர் வேலைக்குப் போய்த் திரும்பி வருகிற ஆள், போவது வேலைக்கு, வருவது வீட்டுக்கு, என் நாய் இவரைப் பார்த்துக் குரைப்பதில்லை. ஆலோசனை நிலையத்துப் பிள்ளை அதை வாசித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். நாய் விஷயத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். ஆனால் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கிழவி நம்பரை எழுதியிருக்கிறார், உங்கள் பெயரை எழுதி வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினாள். அப்படித்தான் ஒன்பதாம் நம்பர் என் பெயரைக் கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்து ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பாதி சரி.

எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு லோயரிடமிருந்து நெடுநாள் பதில் இல்லை. அந்த நாட்களில் தூரத்து வேலைகளை எடுக்கவில்லை. குரொய்டனிலும் மோர்டனிலும் சின்ன வேலைகளைச் செய்துவிட்டுப் பகலிலேயே திரும்பினேன். வீட்டில் இருப்பது தெரிய வேண்டும் என்று திரையைத் திறந்து வைத்தேன், உடுப்பை வெளியில் காய வைத்தேன். உண்மையில் இருக்கிற ஆளுக்கு இருப்பதைக் காட்டிக்கொண்டிருப்பது பெரிய வேலை. பிறகு ஒரு காலையில் முதலாளியே வந்தார். இந்த விஷயத்தை இத்தோடு விடுகிறோம் என்றார், அதே மரியாதையோடு. வீட்டை விற்கும் எண்ணம் வந்தால் முதலில் தன்னிடம் சொல்லும்படி கேட்டார். அவர் போகும் பாதை முழுக்க எதிர்வீட்டு நாய் குரைத்தது.

பார்க் வாசலில் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கின்றன. ஏழாம் பெட்டியை நான் அதுவரை திறந்ததே இல்லை. பூட்டு இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தேன். உள்ளே பீட்சாக் கடை விளம்பரங்கள் நனைந்து காய்ந்து ஒரு கட்டியாக இருந்தன. அதைச் சுரண்டி எடுத்த பிறகு ஒவ்வொன்றாகக் கடிதங்கள் வரத் தொடங்கின. வங்கி, டொக்டர், கவுன்சில். நல்ல செய்தி எதுவும் இல்லை. ஆனால் என் பெயரும் அந்த இடமும் ஒரே உறையில் இருந்தன.

அதோடு வெம்பிளிக்குப் போக வேண்டிய காரணம் இல்லாமல் போனது. ஒரு ஞாயிறு போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. சும்மா போகலாம், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இவ்வளவு காலமும் நான் சும்மா போனதில்லை. கடிதம் எடுக்கப் போனேன், போன இடத்தில் சாப்பிட்டேன். சாப்பிடுவதற்கென்று எப்படிப் போவது?

விலாசம் மாற்றும்போது ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. கோயிலிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா அறிவித்தல். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தாள். கோயில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது.

ஆடி மாதம் அக்கா போன் எடுத்து, ஒரு கடிதம் வந்து கிடக்கிறது என்றார். அந்த ஞாயிறு போனேன். இறால் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகு அண்ணை பேணியைக் கொண்டு வந்து திறந்தார். உள்ளே அந்த ஒரு உறைதான் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் மாத்தின நீ, இதை ஏன் விட்டனி?"

"மறந்து போனன் அண்ணை."

அவர் உறையைத் திரும்பவும் பேணிக்குள் போட்டு மூடினார்.

"இருக்கட்டும். அடுத்த முறை வரேக்கை எடு" என்றார்.

திருவிழா அடுத்த கிழமையே முடிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். சரி என்றேன்.

திரும்பி வந்து பார்க்கில் வானை நிறுத்தியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரை இழுத்து மூடியிருந்தது. கிழவி மகனிடம் போயிருக்க வேண்டும், நாயின் சத்தமும் இல்லை. என்ஜினை நிறுத்தினேன். ஆடி மாதம், உள்ளே ஹீட்டர் தேவையில்லை. இருந்தும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத்தான் இறங்கினேன்.